தெர்மோகோலைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

தெர்மோகோல் என்ற வார்த்தையைச் சொன்னாலே மதுரைக்காரர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிடுகிறது. காரணம் உங்களுக்கும் தெரியும். 2017 ஏப்ரல் மாதம். வைகை அணையில் தண்ணீர் ஆவியாகிப் போவதைத் தடுக்கிறோம் என்று, அன்றைய அமைச்சர் செல்லூர் ராஜு முன்னிலையில் தெர்மோகோல் அட்டைகளை ஒட்டி நீரில் மிதக்கவிட்டார்கள். காற்று அடித்தது. அட்டைகள் எல்லாம் சமர்த்தாகக் கரைக்குத் திரும்பி வந்தன. அன்றைக்கு ஆரம்பித்த கேலி இன்னும் ஓயவில்லை.

அந்தக் கதையில் தெர்மோகோல் செய்த ஒரே தப்பு, அதற்கு எடை இல்லாமல் போனதுதான். காற்று தள்ளினால் போகும், தண்ணீர் தூக்கினால் மிதக்கும். ஆனால் பாருங்கள், அதே 'எடை இல்லாத' குணத்துக்காகவே அதைத் தேடிப்போய் வாங்கி, அதன் மேல் நெடுஞ்சாலை போட்டிருக்கிறார்கள். நடைபாதை இல்லை சார், பதினெட்டுச் சக்கர டிரெய்லர் லாரிகள் ஓடுகிற நெடுஞ்சாலை!

நம்ப மாட்டீர்கள். டி.வி. பெட்டியை வெளியே எடுத்துவிட்டு மூலையில் வீசுகிற வெள்ளை அட்டை மேல் லாரியா என்றுதான் கேட்கத் தோன்றும். ஆனால் இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. நான் படித்தது பி.காம். மண்ணும் பாலமும் என் பாடம் இல்லை. இருந்தும் இந்தக் கணக்கு எனக்குச் சட்டென்று புரிந்தது. ஏனென்றால் இது அசல் வரவு செலவுக் கணக்கு. சொல்கிறேன்.

எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்ததற்குக் காரணம், என் தாய்மாமாவின் இடுப்பு எலும்பு.

மாமா இருப்பது கீழக்குயில்குடியில். மதுரையிலிருந்து தேனி போகும் ரோட்டில் நாகமலை புதுக்கோட்டையை ஒட்டி உள்ளே திரும்பினால் வரும் ஊர். சமணர் மலை என்றால் இன்னும் நிறையப் பேருக்குத் தெரியும். அடிவாரத்தில் தாமரைக் குளம், பெரிய ஆலமரம், கருப்பசாமி கோயில். மேலே ஏறினால் செட்டிப்புடவு குகையில் தீர்த்தங்கரர் சிற்பம், பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் ஓர் அங்குலம்கூட நகராமல் உட்கார்ந்திருக்கிறார் தீர்த்தங்கரர். அவர் உட்கார்ந்திருப்பது பாறை. ஆனால் மலையை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் கண்மாய், வயல், கரம்பை மண். மழைக் காலத்தில் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிற களி. மதுரையைச் சுற்றி எங்கே போனாலும் இதுதான் நிலைமை. ஒரு பக்கம் அசையாத பாறை, பக்கத்திலேயே கால் புதைகிற களி.

நம் ஆட்கள் கண்மாய் வெட்டினார்கள். வெட்டிய மண்ணைப் போட்டுக் கரை கட்டினார்கள். கரை மேல் மாட்டு வண்டி போனது. பிறகு டவுன் பஸ் போனது. வண்டிகள் பெருகியதும் கரை பத்தவில்லை. அகலப்படுத்தினார்கள். அப்படி அகலப்படுத்திய ஒரு கரை ரோட்டில்தான் மாமா விழுந்தார். அது கீழக்குயில்குடி ரோடு அல்ல. வேறு ஊர், வேறு கண்மாய். எந்த ரோடு, யார் போட்டது என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. அந்த மாதிரி ரோடு உங்கள் ஊர்ப் பக்கமும் ஒன்று இருக்கும்.

சாயங்கால நேரம். மொபெட்டில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். வேகம் இல்லை. எதிரே பஸ் வந்ததும் இடது பக்கம் ஒதுங்கியிருக்கிறார். முன் சக்கரம் ஒரு விரிசலுக்குள் இறங்கிவிட்டது. எழுபது வயதைத் தாண்டியவர். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து, தகடு வைத்து, ஆறு மாதத்துக்குப் பிறகு வாக்கர் பிடித்து நடந்தார். அவர் மொபெட் திண்ணையில் சாக்குப் போர்த்தி நிற்கிறது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"குழின்னா கண்ணுக்குத் தெரியும் மாப்ள. வட்டமா கெடக்கும். வளைச்சு ஒதுங்கிப் போயிரலாம். இது குழியில்ல, கோடு. நூல் பிடிச்ச மாதிரி ரோட்டோடயே கூட வருது. சக்கரம் உள்ள எறங்கிருச்சுன்னா அது கூட்டிட்டுப் போற பக்கந்தேன் வண்டி போகும்."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் கேட்டார்.

"ரெண்டு தடவ தார் ஊத்தி அடைச்சாங்க. மறுபடி அதே எடத்துலதேன் பொளக்குது. வேற எங்கயும் இல்ல, அதே எடத்துல. அது ஏன் மாப்ள?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ரோடு வேலையில் பல வருஷம் அனுபவமுள்ள ஒரு சிவில் இன்ஜினீயர் நண்பரிடம் போய்க் கேட்டேன். அவர் என் கையிலிருந்த டீ டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் கோடு எங்கே இருக்கு? பழைய கரையும் புதுக் கரையும் ஒட்டுற இடத்தில்தானே?" என்றார்.

ஆமாம். அங்கேதான்.

"உங்க மாமா விழுந்தது ரோட்டில் இல்லை. ரெண்டு வயசுக்கு நடுவில் விழுந்திருக்கார்" என்றார்.

விஷயம் இதுதான். களிமண் என்பது ஸ்பாஞ்ச் மாதிரி. உள்ளே பொடிப்பொடித் துவாரங்கள். துவாரம் நிறையத் தண்ணீர். மேலே பாரம் வைத்தால் தண்ணீர் பிதுங்கி வெளியேற வேண்டும். அது வெளியேறினால்தான் மண் இறுகும். ஆனால் களிமண்ணின் துவாரங்கள் ரொம்பச் சின்னவை. தண்ணீர் ஒரு நாளில் போகாது. மாதக்கணக்கு ஆகும், வருஷக்கணக்கு ஆகும். அதுவரை தரை மெள்ள மெள்ள அமிழ்ந்துகொண்டே இருக்கும். இஸ்தான்புல்லில் வாத்தியாராக இருந்த கார்ல் டெர்சாகி என்பவர் இதற்குக் கணக்குப் போட்டு, 1925-ல் புத்தகமாக வெளியிட்டார். மண் இயந்திரவியல் என்று இன்றைக்கு இன்ஜினீயரிங் மாணவர்கள் படிக்கிற பாடத்துக்கு அவர்தான் தகப்பனார். அவர் கணக்குப்படி, களிமண் படுகை இரண்டு மடங்கு கனமாக இருந்தால், இறுகுவதற்கு நான்கு மடங்கு காலம் ஆகும்.

இப்போது நம் கரைக்கு வாருங்கள். பழைய கரை கட்டிப் பல தலைமுறை ஆகிவிட்டது. அமிழ வேண்டியது எல்லாம் அமிழ்ந்து முடிந்து, அது நிம்மதியாகப் படுத்திருக்கிறது. அதன் விலாவில் புதிதாக மூன்று மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி, ரோலர் ஓட்டி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே தார்ப் போர்வையைப் போர்த்திவிடுகிறோம். திறப்பு விழா அன்றைக்கு இரண்டும் ஒரே மட்டம். ஆனால் புதுக் கரைக்கு அடியில் இருக்கும் களி அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பாரத்தைப் பார்க்கிறது. அது அமிழத் தொடங்குகிறது. பழசு அசையாது. புதுசு இறங்கும். நடுவில் இருக்கிற தார்ப் போர்வை என்ன செய்யும்? கிழியும். நூல் பிடித்த மாதிரி கிழியும்.

சரி, தாரை ஊற்றி அடைத்தோமே? அங்கேதான் வேடிக்கை. இறங்கிய பக்கத்தை மட்டம் பண்ண இன்னும் கொஞ்சம் ஜல்லி, இன்னும் கொஞ்சம் தார். அதாவது, பாரம் தாங்காமல் அமிழ்கிற தரை மேல் இன்னும் பாரம். அது மறுபடி அமிழ்கிறது. மறுபடி அடைக்கிறோம். வட்டி கட்ட முடியாதவனுக்கு மேலும் கடன் கொடுத்து, அந்தப் பணத்தில் வட்டியைக் கட்டச் சொல்வது மாதிரி. இந்த வியாபாரம் எங்கே போய் முடியும் என்று பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்!

நண்பர் இதற்கு அழகான ஓர் உவமை சொன்னார். "களிமண் ஒரு ஏழைக் கடன்காரன் மாதிரி சார். தவணையில் கேட்டால் கட்டிடுவான். அமிழ்ந்து அமிழ்ந்து, பல வருஷத்தில் கணக்கை முடிச்சிடுவான். ஒரே நாளில் மொத்தமா கேட்டீங்கன்னா, வீட்டைப் பூட்டிட்டு ஓடிடுவான்."

களிமண் ஓடிப்போகுமா? போகும். 2025 மே 19 அன்று பக்கத்து மாநிலத்தில் போனது. கேரளாவில் மலப்புரம் மாவட்டம் கூரியாடு என்ற இடம். தேசிய நெடுஞ்சாலை 66-ஐ ஆறு வழிச்சாலையாக அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். நெல்வயலின் குறுக்கே உயரமாகக் கரை எழுப்பியிருந்தார்கள். அந்தக் கரை பிளந்து, பக்கத்து சர்வீஸ் ரோட்டின் மேல் சரிந்து விழுந்தது. வண்டிகள் மாட்டிக்கொண்டன. வயல் மண்ணால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியவில்லை என்பதுதான் முதல் கட்டத்தில் சொல்லப்பட்ட காரணம். கடைசியில் அந்த இடத்தில் மண் கரையே வேண்டாம், தூண் நிறுத்திப் பாலமாகக் கட்டலாம் என்று முடிவெடுத்தார்கள். கட்டிய கரையை எடுத்துவிட்டுப் பாலம். செலவு இரண்டு தடவை.

இன்ஜினீயர்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். மருந்துகளும் உண்டு. பழைய கரையின் சரிவைப் படிக்கட்டு மாதிரி வெட்டி, புது மண்ணை அதில் கோத்துக் கட்டலாம். நடுவில் வலை மாதிரி ஒரு பாய் விரிக்கலாம். களிக்குள் திரி மாதிரி பிளாஸ்டிக் பட்டைகளை இறக்கித் தண்ணீரைச் சீக்கிரம் வெளியே இழுக்கலாம். கல் தூண்கள் இறக்கலாம். மண்ணைக் கொட்டிவிட்டு ஒரு வருஷம், இரண்டு வருஷம் சும்மா காத்திருந்து, அமிழ்ந்து முடிந்த பிறகு தார் போடலாம். மெத்தென்ற தரை மேல் கரை கட்டுவது எப்படி என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2013-ல் வழிகாட்டிப் புத்தகமே போட்டிருக்கிறது.

ஆனால் இந்த மருந்துகளில் சிலதுக்குப் பணம் வேண்டும், சிலதுக்குக் காலம் வேண்டும். திறப்பு விழாத் தேதி குறித்துவிட்ட ரோட்டுக்கு இரண்டுமே கசக்கும்.

இங்கேதான் நம் தெர்மோகோல் மேடைக்கு வருகிறது. இன்ஜினீயர்கள் பாஷையில் அதற்கு 'ஜியோஃபோம்' என்று பெயர். அட்டையாக இல்லாமல், பீரோ அளவுக்குப் பெரிய பெரிய கட்டியாக வரும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு காற்று.

ஆரம்பம் நார்வேயில், 1972-ல். ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் ஃப்ளோம் என்ற இடத்தில் ஒரு பாலம். பாலம் ஆழமான தூண்களின் மேல் நிற்கிறது, அசையாது. பாலத்துக்கு ஏறும் மண் கரைக்குக் கீழே மூன்று மீட்டருக்கு மக்கிய மண், அதற்குக் கீழே பத்து மீட்டருக்குக் களி. கரை அமிழ்ந்துகொண்டே இருந்தது. அங்கேயும் நம்மைப் போலவே ரோட்டை மட்டம் பண்ண மேலே மேலே போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். போடப் போட அமிழ்வது அதிகமாகி, வருஷத்துக்கு 20 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியது. ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நார்வே சாலை ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள் யோசித்தார்கள். 'போடப் போட இறங்குகிறது என்றால், எடுத்துப் பார்த்தால் என்ன?' கரையின் மேல் பகுதியில் ஒரு மீட்டர் மண்ணைத் தோண்டி வெளியே கொட்டினார்கள். அந்த இடத்தில் அரை மீட்டர் கனத்தில் இரண்டு அடுக்கு தெர்மோகோல் கட்டிகளை வைத்தார்கள். மேலே பழையபடி ரோடு. அமிழ்வது அடங்கிவிட்டது!

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. நான் முதலில் சொன்ன வரவு செலவுக் கணக்குதான். நம் மூன்று மீட்டர் உயரக் கரையை வைத்தே போட்டுப் பார்ப்போம்.

ஒரு கன மீட்டர் மண் சுமார் 1.8 டன். மூன்று மீட்டர் உயரம் என்றால், ஒவ்வொரு சதுர மீட்டர் தரையின் மேலும் 5.4 டன். ஒரு சதுர மீட்டர் என்பது கல்யாணப் பந்தியில் இரண்டு பேர் நெருக்கிச் சம்மணம் போடுகிற இடம். அந்த இடத்தில் எட்டு மாருதி 800 கார்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கின மாதிரி. களி அமிழாமல் என்ன செய்யும்?

இப்போது தெர்மோகோல் கணக்கு. ஒரு கன மீட்டர் கட்டி சுமார் 20 கிலோ. நிறைந்த சமையல் கேஸ் சிலிண்டரைவிட லேசு. முதலில் தரையில் 70 சென்டிமீட்டர் மண்ணைத் தோண்டி எடுத்துவிடுகிறோம். சதுர மீட்டருக்கு 1.26 டன் குறைந்தது. இது வரவு. பிறகு அந்தப் பள்ளத்திலிருந்து ஆரம்பித்து 3.1 மீட்டர் உயரத்துக்குக் கட்டிகளை அடுக்குகிறோம். எடை 62 கிலோ. அதன் மேல் கான்கிரீட் பலகை, ஜல்லி, தார் எல்லாம் சேர்த்து 60 சென்டிமீட்டர். அது ஒரு 1.3 டன். இது செலவு. கூட்டிக் கழித்தால், தரைக்கு நாம் கூடுதலாகக் கொடுத்த பாரம் சதுர மீட்டருக்கு நூறு கிலோ. 5.4 டன் எங்கே, நூறு கிலோ எங்கே! தோண்டுவதை இன்னும் ஒரு ஆறு சென்டிமீட்டர் கூட்டினால் அந்த நூறு கிலோவும் இல்லை. டெபிட்டும் கிரெடிட்டும் டேலி.

ரோடு மூன்று மீட்டர் உயர்ந்து நிற்கிறது. ஆனால் தரையைப் பொறுத்தவரை, அதன் மேல் எதுவுமே ஏறவில்லை. பிறகு அது எதற்கு அமிழப் போகிறது?

லாரி ஏறினால் நசுங்காதா என்று கேட்பீர்கள். அந்த எடையில் செய்த நல்ல ரகக் கட்டி, நூற்றில் ஒரு பங்கு நசுங்குவதற்கே சதுர மீட்டருக்கு நான்கு டன் பாரம் கேட்கும். லாரிச் சக்கரத்தின் பாரமும் மேலே இருக்கும் கான்கிரீட்டிலும் ஜல்லியிலும் பரவி, பிரிந்துதான் கீழே போகிறது. நம் வீட்டுப் பெண்கள் சும்மாட்டின் மேல் குடம் வைக்கிற அதே தத்துவம்.

ரோட்டை அகலப்படுத்துவதில் இதன் அருமை தெரிந்தது அமெரிக்காவில். சால்ட் லேக் சிட்டியில் 2002-ல் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அதற்குள் ஊருக்கு நடுவே போகும் நெடுஞ்சாலையை அகலப்படுத்தி முடிக்க வேண்டும். ஊர் இருப்பது பழைய ஏரிப் படுகை மேல். அடியில் ஆழமான களி. நம் கண்மாய்க் கதைதான், அளவு மட்டும் பெரிசு. கரைக்கு அடியில் ஏற்கனவே தண்ணீர்க் குழாய், கேஸ் குழாய் எல்லாம் ஓடுகின்றன. மண்ணைக் கொட்டினால் தரை ஒரு மீட்டர் வரை அமிழும், குழாய்கள் முறியும், அமிழ்ந்து முடியக் காத்திருக்கவும் நேரமில்லை. இப்படி இடக்கான இடங்களில் எல்லாம் தெர்மோகோல் கட்டிகளை அடுக்கினார்கள். மொத்தம் சுமார் ஒரு லட்சம் கன மீட்டர். வேலை 2001-ல் முடிந்தது. ஒலிம்பிக்குக்கு வந்தவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் போவது தெர்மோகோல் மேல் என்று தெரிந்திருக்குமோ!

இந்தக் கதையை மாமாவிடம் சொன்னேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"அய்யனார் கோயில் மண் குதிரைய உள்ள பொள்ளலாத்தான மாப்ள செய்வாங்க? உள்ளயும் மண்ண அடைச்சா சூளையிலயே வெடிச்சிரும். தூக்கவும் முடியாது. பாக்கறதுக்கு ஆள் உயரம். தட்டிப் பாத்தா காத்து. அந்த மாதிரிதான?"

அதே மாதிரிதான். நான் இத்தனை பத்தியில் சொன்னதை, வேளார்களின் குதிரையை வைத்து அவர் நாலு வரியில் முடித்துவிட்டார்.

உடனே அடுத்த கேள்வி. "அப்ப நம்ம கண்மாய்க் கரையிலயும் அதப் போடலாம்ல?"

இதற்கு நண்பர் சொன்ன பதில், போடக்கூடாது என்பது. அவசரப்பட்டு யாரும் கண்மாய்க்கு டெம்போவில் தெர்மோகோல் ஏற்றிவிட வேண்டாம். வைகை அணை நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இங்கேதான் உதவுகிறது. தெர்மோகோல் மிதக்கும். ஒரு கன மீட்டர் கட்டி தண்ணீரில் முழுகினால், தண்ணீர் அதை 980 கிலோ விசையோடு மேலே தள்ளும். கண்மாய் நிரம்பி, கரைக்குள் தண்ணீர் புகுந்தால், மேலே இருக்கிற ரோட்டோடு சேர்த்துத் தூக்கிவிடும். கற்பனை இல்லை. தெர்மோகோல் ரோட்டின் தாய்வீடான ஆஸ்லோ பக்கமே 1987 அக்டோபர் வெள்ளத்தில் இப்படி ஒரு சாலைக் கரை மிதந்திருக்கிறது. அதற்குப் பிறகு வெள்ள மட்டத்தைக் கணக்கில் எடுக்காமல் யாரும் கட்டியை அடுக்குவதில்லை. தண்ணீரைத் தேக்குகிற கரைக்கு மண்தான் சரி. எடை அங்கே குணம்.

இன்னும் சில வம்புகளும் உண்டு. பெட்ரோல் பட்டால் தெர்மோகோல் கரைந்துவிடும். டேங்கர் லாரி கவிழ்ந்தால்? அதனால்தான் மேலே கான்கிரீட் பலகையோ, பெட்ரோல் இறங்காத தடித்த விரிப்போ போட்டு மூடுகிறார்கள். நெருப்பும் ஆகாது. வேலை நடக்கும்போது பக்கத்தில் வெல்டிங் பொறி தெறிக்கக்கூடாது. விலையும் மண்ணைவிட அதிகம். போதாததற்கு, அது பிளாஸ்டிக். மக்காது. ரோட்டுக்கு அடியில் மக்காமல் இருப்பது லாபம். உடைத்து வீசிவிட்டால் ஊருக்குப் பாவம்.

லேசான பொருள் என்றால் தெர்மோகோல் மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. டெல்லியில் யமுனையின் மேல் இரண்டாவது நிஜாமுதீன் பாலத்துக்கு ஏறும் கரையை, மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனத்தின் யோசனையில், 1990-களின் கடைசியில் அனல் மின் நிலையச் சாம்பலால் கட்டினார்கள். சாம்பல் தெர்மோகோல் அளவுக்கு லேசு இல்லை. ஆனால் மண்ணைவிட எடை குறைவு. மலை மாதிரி குவிந்து கிடக்கும் சாம்பலுக்கும் ஒரு வழி பிறந்தது. தமிழ்நாட்டிலும் தூத்துக்குடி, மேட்டூர், வட சென்னை என்று சாம்பலுக்குப் பஞ்சமில்லை. ஓர் இடத்துக்குச் சாம்பல், ஓர் இடத்துக்குக் கட்டி, ஓர் இடத்துக்குத் தூண், ஓர் இடத்துக்கு வெறும் பொறுமை. எது எங்கே என்று தீர்மானிப்பது டெண்டரில் உள்ள தொகை அல்ல, அடியில் இருக்கிற மண்.

நான் சொல்ல வந்தது இதுதான். தெர்மோகோலின் பெருமை எனக்கு முக்கியமில்லை. அந்த நார்வேக்காரர்கள் கேட்ட கேள்வி முக்கியம். ரோடு இறங்கினால் நாம் எல்லோரும் 'இன்னும் என்ன போடலாம்?' என்று கேட்கிறோம். அவர்கள் 'எதை எடுக்கலாம்?' என்று கேட்டார்கள். நம் பக்கம் ரோடு மோசம் என்று மனுக் கொடுப்பவர்கள்கூட 'கனமாப் போடுங்க சார்' என்றுதான் எழுதுகிறார்கள். கனம்தான் பலம் என்று நமக்குள் ஊறிப்போய்விட்டது. பாறையின் மேல் அது சரி. களியின் மேல் கனம்தான் நோய்.

அடுத்த முறை உங்கள் ஊரில் கண்மாயை ஒட்டியோ, வயலின் குறுக்கேயோ ஒரு ரோட்டை அகலப்படுத்துகிறார்கள் என்றால், கலர் போட்டோ போட்ட ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். புதுக் கரை வரப்போகிற இடத்தில் துளை போட்டு மண் பரிசோதனை செய்தீர்களா? எத்தனை அமிழும், எத்தனை மாதத்தில் அமிழும் என்று கணக்குப் போட்டீர்களா? அது அமிழ்ந்து முடியும் முன்பே தார் போடப்போகிறீர்களா? இந்த மூன்றுக்கும் காகிதத்தில் பதில் இருந்தால், அந்த ரோட்டில் நம்பிப் போகலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. பத்து ரூபாய்தான் கட்டணம்.

அதுவரை ஒரு சின்ன வேண்டுகோள். மொபெட்டோ பைக்கோ ஓட்டுபவராக இருந்தால், அகலப்படுத்திய ரோட்டில் போகும்போது, உங்கள் இடது பக்கம் ரோட்டோடு ரோடாக ஒரு கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். புதுத் தார் பூசி மறைத்திருந்தாலும், பழசுக்கும் புதுசுக்கும் நடுவில் நிறம் மாறும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அதன் மேலேயே சக்கரத்தை ஓட்டாதீர்கள். தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் வேகத்தைக் குறைத்து, சக்கரம் சிக்காதபடி நன்றாகக் குறுக்காகத் தாண்டுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இன்றைக்கே சொல்லிவையுங்கள். தரை தன் கணக்கை முடிக்க இன்னும் சில வருஷம் எடுத்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் நம் எலும்பு வரவாகப் போய்விடக்கூடாது.